நானூற்றுப் பதினேழாம் டோக்கன்

நீலவேணி மில்லில் டோக்கன் உள்ளே இருந்தால் ஆள் உள்ளே, டோக்கன் வெளியே இருந்தால் ஆள் வெளியே, இதில் மூன்றாவது நிலை என்று ஒன்று கிடையாது என்று டைம் ஆபீஸ் கிளார்க் அடித்துச் சொல்லுவார். நாங்கள் ஆயிரத்து இருநூறு பேரும் அதற்குத் தலையாட்டிவிட்டு, கேட்டுக்கு வெளியே இருந்த மரப்பலகையின் ஆணியிலிருந்து அவரவர் பித்தளை டோக்கனை எடுத்து, பத்தடி நடந்து, உள்ளே இருந்த பலகையின் ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போவோம்; ஷிப்டு முடிந்ததும் அதே டோக்கனை எடுத்துத் திரும்ப வெளிப்பலகையில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். ஒருவன் டோக்கனை இன்னொருவன் தொட்டால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும். அந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு நாள் மீறினேன். என் பெயர் நாச்சிமுத்து, டோக்கன் எண் நானூற்றுப் பதினெட்டு, ரிங் பிரேம் மிஷினில் அறுந்த நூலைப் பிணைப்பது என் வேலை.

பக்கத்து மிஷினில் நானூற்றுப் பதினேழு, குருந்தாசலம். ஏழு வருஷம் பதிலியாகக் கேட்டில் காத்துக் கிடந்து, இரண்டு பேரும் ஒரே நாளில் நிரந்தரமானோம். அதற்கு இரண்டாவது மாதம், ஒரு சாயங்காலம் கை கழுவும் தொட்டியருகே அவன் என் காதைக் கடித்தான்.

"நாச்சி, நாளைக்குக் காலையில என் டோக்கனையும் நீயே மாட்டிரு. அக்கா புள்ளைக்குச் சீரு. தாய்மாமன் நான் போகாம எப்புடிடா? துளசிக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிரும். பாறைக்குழி வழியா ஒரு எட்டுப் போயிட்டு, எட்டரைக்குள்ள குடோன் செவுரு ஏறிக் குதிச்சு வந்தர்றேன்."

அவன் மனைவி துளசிமணிக்கும் அவன் அக்காவுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பாறைக்குழி என்பது ஊருக்கு வெளியே கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பெரும்பள்ளம், அதன் விளிம்போடு போனால் அக்கா வீட்டுக்குக் குறுக்கு வழி. சரி என்றேன். மறுநாள் ஏழு மணிச் சங்குக்கு முன்னால் என் டோக்கனோடு அவனுடையதையும் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு போய் உள்பலகையில் மாட்டினேன். எட்டரை ஆயிற்று, பத்தரை ஆயிற்று, அவன் வரவில்லை. சீர் வீட்டில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுப் படுத்திருப்பான் என்று அவனைத் திட்டிக்கொண்டே அவன் மிஷினையும் சேர்த்துப் பார்த்தேன். மேஸ்திரி கேட்டபோது வயிற்றுக்கோளாறு, கக்கூசில் இருக்கிறான் என்றேன்.

சாயங்காலம் துளசிமணி நாலு வயசுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்து நின்றாள். கிளார்க் பலகையைக் காட்டி, "உள்ளேதாம்மா இருக்கறான், டோக்கன் சொல்லுதல்ல" என்றார். அதனால் உள்ளே தேடினார்கள். மூன்று நாள் தேடினார்கள். பஞ்சுப் பேல்களைப் பிரித்துப் பார்த்தார்கள், தூசி அறைக்குள் இறங்கினார்கள், தண்ணீர்த் தொட்டியை வற்ற வைத்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகத் தேடியவன் நான். அவன் மில்லுக்குள் இல்லவே இல்லை, பாறைக்குழிப் பக்கம் போனவன் என்று தெரிந்த ஒரே ஆளும் நான். முதல் நாள், எப்படியும் வந்துவிடுவான், வாயைத் திறந்து இரண்டு பேர் பிழைப்பையும் கெடுப்பானேன் என்று நினைத்தேன். இரண்டாம் நாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன். மூன்றாம் நாள் அந்தப் பயம் இரண்டு மடங்காகியிருந்தது. நான்காம் நாள் காலை, சுவரேறிக் குதித்து எவளோடோ ஓடிவிட்டான் என்று எழுதித் தேடுவதை நிறுத்தினார்கள். பாறைக்குழிக்கு அந்தப் பக்கம் அவன் அக்கா, பெண்டாட்டி பேச்சைக் கேட்டுத் தம்பி சீருக்கு வரவில்லை என்று நினைத்துச் சாகும்வரை அவன் பெயரைச் சொல்லவில்லை.

அந்தப் பாழாய்ப்போன டோக்கன் மட்டும் உள்பலகையிலிருந்து வரவே இல்லை. கிளார்க் இழுத்துப் பார்த்தார், துருப் பிடித்துவிட்டது என்றார், பித்தளை எங்கே துருப் பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த எண்ணை அதற்கப்புறம் யாருக்கும் கொடுக்கவில்லை.

மில் ஓடியது, நொடித்தது, நின்றது, பதினெட்டு வருஷம் பூட்டிக் கிடந்தது, பிறகு அதை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மிஷின்களுக்கு எண்ணெய் பூசி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் விளக்கப் பலகை வைத்து, சங்குச் சத்தத்தைக்கூட எங்கிருந்தோ பிடித்து ஒரு பெட்டிக்குள் அடைத்து, பொத்தானை அமுக்கினால் ஊதும்படி செய்தார்கள். இரண்டு டோக்கன் பலகைகளையும் பழைய இடத்திலேயே மாட்டினார்கள். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது டோக்கன் வெளிப்பலகையில், ஒன்று மட்டும் உள்பலகையில். திறப்பு விழா அன்று ரிப்பன் வெட்டி எல்லாரும் உள்ளே போனபோது, மோட்டார் கழற்றிய ரிங் பிரேமுக்கு முன்னால் காக்கி டிராயரோடும் தலையெல்லாம் பஞ்சோடும் குருந்தாசலம் நின்று நூல் பிணைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அதே இருபத்தொன்பது வயது.

ஊர் இதில் பெரிதாக அதிர்ந்துவிடவில்லை. டோக்கன் உள்ளே இருக்கிறது, ஆள் உள்ளே இருக்கிறான், பின்னே எங்கே இருப்பான் என்று டைம் ஆபீஸ் கிளார்க்கின் மகன் சொன்னான், அதோடு அது முடிந்தது. சுகாதாரத் துறையிலிருந்து வந்து ஊசி போட்டார்கள். வாக்காளர் பட்டியலில் தந்தைக்கு இருபத்தொன்பது, மகனுக்கு நாற்பது என்று எழுதி, பிழை இருந்தால் மனுச் செய்யவும் என்று கீழே குறிப்புப் போட்டார்கள். பழைய யூனியன் செயலாளர் ராயப்பன், வார விடுமுறை இல்லாமல் ஒரு தொழிலாளியை இத்தனை வருஷம் நிறுத்தி வைத்தது யார் என்று வாசலில் கோஷம் போட்டார். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அவனுக்கும் அதுவே என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினார்கள், அவன் திங்கட்கிழமையும் நின்றுகொண்டுதான் இருந்தான். ஓடாத மிஷினில் அவன் கை போட்ட நூல் சாயங்காலத்துக்குள் எப்படியோ ஒரு கண்டு சுற்றியிருக்கும். பிணக்குப் போட்டுப் பிரிந்திருந்த புருஷன் பெண்டாட்டிகள் அந்த நூலில் ஆளுக்கு ஒரு துண்டு வாங்கிப் போனார்கள், சிலர் சேர்ந்தார்கள், சிலர் நூலையும் அறுத்துக்கொண்டார்கள். தாடி நரைத்த மகன் மோகன்ராஜ் முதல் நாள் "அப்பா" என்று அழுதான், மூன்றாம் மாதம் பேச்சுவாக்கில் "ஏந்தம்பி" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்தான், குருந்தாசலமே சிரித்துவிட்டான்.

அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான். யார் வந்தாலும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்தாலும், "இது எத்தனாவது சங்குங்க?" என்று கேட்பான். பிள்ளைகள் வாய்க்கு வந்ததைச் சொல்லுவார்கள். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு நூலைப் பிடிப்பான். வெளியே போகக் கிளம்பினால் உள்பலகை வரைக்கும் வருவான், எதையோ மறந்தவன் மாதிரி நிற்பான், திரும்பிப் போய்விடுவான்.

டோக்கனை எடுத்தால்தான் அவன் ஷிப்டு முடியும் என்பது எல்லாருக்கும் விளங்கியது. பொறுப்பாளர் ஹெப்சிபா இழுத்தாள், வெல்டிங்காரர் இழுத்தார், கோயில் பூசாரி தேங்காய் உடைத்துவிட்டு இழுத்தார், குருந்தாசலமே இழுத்தான், அசையவில்லை. அப்படியானால் மாட்டிய கைதான் எடுக்க வேண்டும், மாட்டியது அவன் கை இல்லை என்று ஊர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டது. அதற்கப்புறம் அது ஒரு வழக்கமாகவே ஆயிற்று: மில்லில் வேலை பார்த்த யார் உள்ளே போனாலும், கோயிலில் மணி அடிப்பது போல, நானூற்றுப் பதினேழை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கைத்தடியோடு வந்தார்கள், பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், வெளியூருக்குக் குடிபோனவர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். உயிரோடு இருந்த அத்தனை பேரும் இழுத்துவிட்டார்கள், நான் ஒருவன் பாக்கி. எனக்கு மூட்டுவலி என்று சொன்னேன். மில் பஞ்சு ஆகாது, இருமல் வரும் என்று சொன்னேன். ஒன்றேகால் வருஷம் இப்படியே ஓட்டினேன்.

ஒரு புதன்கிழமை காலை துளசிமணி என் வீட்டுக்கு வந்தாள். அறுபத்தொரு வயது, தினமும் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு மில்லுக்கு நடந்து நடந்து பாதம் வெடித்திருந்தது.

"நீங்க ஒருத்தர்தான் வரலீங்கண்ணா. அவரு உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கறாரு. நாச்சி நல்லா இருக்கறானா, வேலை நல்லபடியா இருக்குதான்னு. ஒரு நடை வந்துட்டுப் போங்க."

"வர்றனுங்க. ஒரு நாளைக்கு வர்றேன்."

"இன்னைக்கே வாங்க" என்றாள். என் செருப்பை எடுத்து வாசலில் நேராகப் போட்டாள். அவளுக்கு அப்போது ஏதாவது தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டிக்கெட் கிழித்து உள்ளே விட்டார்கள். இருபத்தைந்து வருஷம் நடந்த கேட்டில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைவது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. உள்பலகையை நான் ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஹெப்சிபா பின்னாலிருந்து, "ஐயா, எல்லாரும் ஒருவாட்டி இழுத்துப் பார்ப்பாங்க" என்றாள். "வரும்போது பார்த்துக்கலாம்மா" என்று வேகமாக நடந்தேன், மூட்டுவலி என்று சொன்னவன். பஞ்சை உதறும் அறை, சிக்கெடுக்கும் அறை, எல்லா இடத்திலும் பளபளவென்று மிஷின்கள், ஒரு சத்தம் இல்லை. அந்த மில்லில் நாங்கள் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காமல் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். அங்கே என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

குருந்தாசலம் என்னைக் கண்டதும் சிரித்தான். எனக்கு அறுபத்தேழு, வழுக்கை, பல் பாதி இல்லை, அவன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. துளசிமணி சோற்றுப் போசியைத் திறக்க அந்தப் பக்கம் போனாள். அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பழைய வழக்கப்படி சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசினான்.

"நான் யாருகிட்டயும் சொல்லலடா."

"என்னத்த?"

"நீதான் மாட்டுனேன்னு. கேட்டுக்கிட்டே இருக்கறாங்க, வாயே தொறக்கல. துளசிகிட்டக்கூடச் சொல்லல. இப்பத்தான் நிரந்தரமாயிருக்கற, தெரிஞ்சா உன் சீட்டக் கிழிச்சுருவாங்கல்ல."

மில்லே இல்லை குருந்தா, கிழிக்க யாரும் இல்லை, என் பென்ஷனே ஒன்பது வருஷமாக வந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவன் மிஷினில் அறுந்து தொங்கிய ஒரு நூலை எடுத்துப் பிணைத்தேன். என் வேலையைக் காப்பாற்ற நான் அவனைக் கைவிட்டேன், அதே வேலையைக் காப்பாற்ற அவனும் தன்னைக் கைவிட்டிருக்கிறான். வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"பாறைக்குழி வரைக்கும் வந்தது ஞாபகம் இருக்குது. கையில துணிப் பொட்டணம், போசி. அப்பறம் இங்க நிக்கறேன். நடுவுல சங்க எண்ணிக்கிட்டே இருந்தேன் நாச்சி, விட்டுப்போச்சு. இது எத்தனாவது?"

நான் துளசிமணியின் கையைப் பிடித்து, அந்த வயதில் அடுத்தவன் மனைவியின் கையைப் பிடித்து, உள்பலகைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அவர்களின் டீச்சர், ஹெப்சிபா, காவலாளி எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, "நான்தானுங்க மாட்டுனது" என்றேன். அவன் சீருக்குப் போனதையும் பாறைக்குழி வழியையும் சொன்னேன். மூன்று நாள் தேடியபோது எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று அப்போதும் ஒரு கணம் தோன்றியது, அப்படிப்பட்டவன் நான்.

அவள் என்னை அடிக்கவில்லை. அடிப்பாள் என்று கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். முந்தானையால் டோக்கனைத் துடைத்தாள்.

"சீருக்கா போனாரு" என்றாள். "நான்தான் போகக் கூடாதுன்னேன்." பிறகு, "எடுத்துட்டா அவரு போயிருவாரு, இல்லீங்களா?"

"ஆமாங்க."

"அப்பன்னா இன்னிக்கு வேண்டாம். அன்னிக்கு மூணு நாளு இங்கயே தேடுனமல்ல. அந்த மூணு நாள எனக்குக் குடுங்க. அதுவரைக்கும் நீங்க இந்த ஆணிகிட்டயே நில்லுங்க."

நின்றேன். காலையில் கேட் திறக்கும்போது வந்து சாயங்காலம் மூடும்வரை டோக்கன் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் நாள் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. காறித் துப்புவார்கள், ராயப்பன் வந்து சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன், வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர்கள் கும்பிட்டார்கள். உட்காருங்கள் என்று நாற்காலி போட்டார்கள், நான் உட்காரவில்லை. இவர்தான் அந்தக் கை என்று டீச்சர்கள் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். இரண்டாம் நாள் ஹெப்சிபா எனக்கும் ஒரு விளக்கப் பலகை வைக்கலாமா என்று யோசித்து, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ராயப்பன் வந்து டீ வாங்கிக் கொடுத்து, "நீயும் சின்னப் பையன்தானப்பா அப்போ" என்றார். முப்பது வயது ஆளைச் சின்னப் பையன் என்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. மன்னிக்கிறவர்கள் முன்னால் நிற்பது கஷ்டம், அவர்களுக்கு அதற்கு உரிமையும் இல்லை.

அந்த மூன்று நாளும் துளசிமணி ரிங் பிரேமுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். சண்டை போட்டாள், அக்கா வீட்டுக்கு ஏன் ஒளிந்து போனாய் என்று அவனைக் கேட்டாள், அவன் தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள், எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. மோகன்ராஜ் அவன் மடியில் தலை வைத்துப் படுத்தான், இருபத்தொன்பது வயது அப்பன் நாற்பத்தொரு வயது மகனைத் தட்டிக்கொடுத்தான்.

மூன்றாம் நாள் மூன்றரை மணிக்கு அவள் வந்து, "எடுங்கண்ணா" என்றாள். ஹெப்சிபா பொத்தானை அமுக்க, பெட்டிக்குள் இருந்த சங்கு ஊதியது. நான் டோக்கனைத் தொட்டேன், பழுத்த பழம் போலக் கையோடு வந்துவிட்டது. பத்தடி நடந்து வெளிப்பலகையில் மாட்டினேன். குருந்தாசலம் கை கழுவி, உடம்பைத் தட்டிவிட்டு, போசியை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி வெளியே வந்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான்.

"நாளைக்கு எந்த ஷிப்டு நாச்சி?"

"நாளைக்கு லீவுடா" என்றேன்.

அவன் பாறைக்குழிப் பக்கம் நடந்தான், துளசிமணி கூடவே நடந்தாள், ஊர் பின்னால் போனது, நான் எல்லாருக்கும் பின்னால் போனேன். பாறைக்குழியைச் சுற்றியிருந்த கருவேலங்காட்டுக்கு முன்னால் நின்று, "நீ வீட்டுக்குப் போ துளசி, இதோ வந்தர்றேன்" என்றான். அன்றைக்குக் காலை வாசலில் அவன் கடைசியாகச் சொன்னதும் அதே 'இதோ வந்தர்றேன்'தானாம். அவள் நின்றுகொண்டாள். அவன் முள்ளுக்குள் நுழைந்தான், அதற்குப் பிறகு அவன் இல்லை, தரையில் வழிநெடுக அவன் தலைப் பஞ்சு மட்டும் கிடந்தது.

பஞ்சைப் பிடித்துக்கொண்டே போனார்கள், அது பாறைக்குழியின் விளிம்பில் முடிந்தது. மறுநாள் தோட்டங்களிலிருந்து நாலு மோட்டாரைக் கொண்டுவந்து மழைத் தண்ணீரை இறைத்தார்கள். சாயங்காலம் நாலாள் உயரத்துக்குக் கீழே ஒரு பாறைத் திட்டு வெளியே வந்தது, கீழே இருந்து கத்தினால் கருவேலங்காட்டுக்கு வெளியே யாருக்கும் கேட்காத ஆழம், கால் உடைந்தவனால் ஏற முடியாத செங்குத்து. அந்தத் திட்டில் கொஞ்சம் எலும்பும், நசுங்கிய தூக்குப்போசியும், அதன் மூடியும் இருந்தன. மூடியின் விளிம்பு தேய்ந்திருந்தது. திட்டுக்கு மேலே பாறையில், உட்கார்ந்தவன் கை எட்டும் உயரத்தில், வரிசையாகக் கோடுகள் சுரண்டியிருந்தன.

துளசிமணி ஏணியில் இறங்கி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மேலே நின்ற என்னைக் கூப்பிட்டாள். "எறங்கி வாங்க. நீங்க எண்ணுங்க."

இறங்கினேன். மில் சங்கு பாறைக்குழி வரைக்கும் கேட்கும். ஒரு நாளைக்கு மூன்று முறை, காலை ஏழு, மத்தியானம் மூன்றரை, நடுச்சாமம் பன்னிரண்டு. காலைச் சங்கு அவன் வழியில் இருக்கும்போதே ஊதியிருக்கும், அதனால் விழுந்த அன்று மத்தியானச் சங்குதான் முதல் கோடு. விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தேன். எட்டாவது கோட்டோடு மூன்று நாள் முடிந்தது. ஒன்பதாவது, நான்காம் நாள் காலை ஏழு மணி. அன்றைக்கு அந்தச் சங்குக்கு நான் என் டோக்கனை எடுத்து, நானூற்றுப் பதினேழுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, சரி, முடிந்துவிட்டது என்று மூச்சு விட்டு வேலைக்குப் போனேன்.

"எத்தனைங்க?" என்றாள் துளசிமணி.

நான் விரலை ஒன்பதிலிருந்து எடுக்கவில்லை. அதற்கப்புறமும் இரண்டு கோடு இருந்தது.